அகப்பக்கத்துக்குப் பூட்டுப் போடுகிறோம், ஆதாரத்தைத் தொலைக்கிறோம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற டவுனில் மணவறை அலங்காரம், கேட்டரிங், தீபாவளிப் பலகாரம் என்று எந்தத் தொழிலை எடுத்தாலும் நாலு பேர் போட்டிக்கு இருப்பார்கள். ஒருவர் அகப்பக்கம் திறந்தால், அதே படங்கள், அதே வரிகளோடு இன்னொருவர் திறப்பது நடக்கிற கதைதான். அதைத் தடுக்க நம் ஆட்கள் முதலில் செய்யும் வேலை, மௌசின் வலது பொத்தானை முடக்கச் சொல்வது. "அண்ணே, இனி ஒரு படத்தையும் எடுக்க முடியாது" என்று சொல்லி அதற்குக் காசு வாங்குகிறவர்களும் உண்டு.

கைப்பேசியில் ஸ்கிரீன்ஷாட் எடுப்பவரை அது ஒன்றும் செய்யாது. கணினியில் கன்ட்ரோலையும் யூவையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் மூலநிரல் மொத்தமும் வந்து நிற்கும். சிரமப்படுவது உங்கள் முகவரியை காப்பி செய்யப் பார்க்கும் வாடிக்கையாளர் மட்டும்தான். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பும் இப்படித்தான். கோயில் வாசலில் 'காலணியைக் கழற்றவும்' என்று வைக்கிற பலகை போன்றது அது. மரியாதை தெரிந்த தேடுபொறிகள் கேட்கும், உள்ளடக்கத்தை உருவும் நிரல்கள் அந்தப் பக்கமே திரும்பாது.

சரி, எதுவுமே வேண்டாமா? இரண்டு செய்யலாம். உங்கள் சர்வரிலிருந்தே படத்தை இழுத்துத் தன் பக்கத்தில் காட்டுகிறவரைத் தடுக்க, அகப்பக்கத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்கில் ஹாட்லிங்க் பாதுகாப்பைப் போட்டு வையுங்கள். கடைப் பெயரைப் படத்தின் மூலையில் போடாதீர்கள், வெட்டி எறிந்துவிடுவார்கள். முறுக்குத் தட்டின் மேலேயே லேசாக ஓடட்டும்.

பெரிய தவறு இதிலெல்லாம் இல்லை. நம்முடையது அல்லாத படத்தை நம்முடையது என்று நம்புவதில் இருக்கிறது. மணவறை ஜோடிப்பவர்களின் அகப்பக்கத்தில் இருக்கும் நல்ல படங்கள் பெரும்பாலும் கல்யாணப் புகைப்படக்காரர் எடுத்தவை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்குப் போகிறது. அதாவது கல்யாண வீட்டாருக்கு. ஒப்பந்தம் வேறு மாதிரி இருந்தால் புகைப்படக்காரருக்கு. பூவும் துணியும் உங்களுடையவை என்பதால் படம் உங்களுடையதாகிவிடாது. போட்டியாளர் அதைத் திருடினாலும் புகார் கொடுக்கும் இடத்தில் நீங்கள் இல்லை. கூகுளில் தேடி எடுத்த படத்தை முகப்பில் வைத்திருப்பவரின் நிலைமை இன்னும் மோசம். திருடு போனது திருட்டுப் பொருள் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? வேலை முடிந்ததும் உங்கள் கைப்பேசியிலேயே பத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை பெண் அதில் இருந்தால் போடுவதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

அப்படி எடுத்த படத்தையும் நாம் காப்பாற்றுவதில்லை. அகப்பக்கம் செய்கிற தம்பிக்கு வாட்சாப்பில் அனுப்புகிறோம். வாட்சாப் படத்தைச் சுருக்கி, எந்தத் தேதியில் எந்தக் கருவியில் எடுத்தது என்ற தகவலையும் உதிர்த்துவிடும். ஆறு மாதத்தில் கைப்பேசி உடைகிறது, மூலப்படம் போகிறது. மலேசியாவில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை, படைத்ததுமே வந்துவிடும். ஆனால் முதலில் படைத்தது யார் என்று கேள்வி வந்தால் மூலக் கோப்புதான் பேச வேண்டும். முக்கியமான படைப்புகளுக்கு, 'இது என் படைப்பு' என்று சொல்லி வைக்கும், 2012 முதல் நடப்பில் இருக்கும் தன்னார்வ அறிவிப்பை மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் செய்து வைக்கலாம்.

திருட்டு தெரிந்ததும் போன் போட்டுத் திட்டுவது அடுத்த தவறு. கோபம் நியாயம்தான். ஆனால் நீங்கள் போனை வைப்பதற்குள் அவர் அழித்துவிடுவார், அதோடு உங்கள் ஆதாரமும் போச்சு. முதலில் இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், இணையப் பக்கங்களைத் தேதியோடு சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பக்கத்தைச் சேமியுங்கள், அப்புறம் பேசுங்கள். முகநூலில் பெயர் போட்டு வசை பாடினால் கதை தலைகீழாகும். அவதூறு வழக்கு ஒரு பக்கம், இணையத்தில் பிறரைத் துன்புறுத்தும் பதிவுகளைக் குற்றமாக்கும் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு இன்னொரு பக்கம். திருடியவர் புகார்தாரராக வந்து நிற்பார்.

அவர் அசையவில்லை என்றால், பக்கத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு முறையான அறிவிப்பு அனுப்பலாம். மலேசியச் சட்டப்படி அறிவிப்புக் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சேவை நிறுவனம் அதை நீக்க வேண்டும். கூகுளிடமும் கேட்கலாம், ஆனால் கூகுள் தேடல் முடிவிலிருந்துதான் எடுக்கும். பக்கம் அங்கேயே இருக்கும். பொய்யான அறிவிப்பு கொடுப்பது குற்றம் என்பதையும் மறக்காதீர்கள்.

இதையெல்லாம் செய்ய, அகப்பக்கம் உங்கள் கையில் இருக்க வேண்டுமே! டொமைனை, அதாவது அகப்பக்கத்தின் இணையப் பெயரை, தன் பெயரில் வாங்கிய உறவுக்காரத் தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் அவருக்குப் போகும், அவர் பார்க்க மாட்டார். கெடு தாண்டியபின் அந்தப் பெயரைப் போட்டியாளரே காசு கட்டி எடுத்துக்கொள்ள முடியும். அதற்குத் திருட்டு என்றுகூடப் பெயர் வைக்க முடியாது. கணக்கும் கடவுச்சொல்லும் உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

கடைப் பெயரிலும் ஒரு குழப்பம். எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் வணிகப் பதிவு செய்துவிட்டால் பெயர் நமக்கே சொந்தம் என்று நினைக்கிறார்கள். அது தொழில் நடத்துவதற்கான பதிவு மட்டுமே. பெயரையும் சின்னத்தையும் காக்க வணிக முத்திரைப் பதிவு தனியாக வேண்டும்; 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம்.

கடைசியாக, எதை விட்டுவிடுவது என்று தெரியாமல் அலைவது. சட்டம் யோசனையைக் காப்பதில்லை, அதை வெளிப்படுத்திய விதத்தைத்தான் காக்கிறது. வாழையிலைப் பந்தி ஏற்பாட்டையோ, 'ஐந்து தட்டு எடுத்தால் ஒன்று இலவசம்' என்ற சலுகையையோ எதிர்க்கடைக்காரர் தன் சொந்த வார்த்தையில் போட்டால் வழக்கறிஞர் செலவு வீண். உங்கள் பக்கத்திலிருந்து வேறு யாருக்கும் எழுத வராத ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டு மாதம் ஒருமுறை கூகுளில் தேடுங்கள். அது வரி மாறாமல் வேறு பக்கத்தில் வந்தால் மட்டும் வேலையைத் தொடங்குங்கள்.