பத்து மீட்டர் ஏர் ரைபிள்: எதை எடுக்கறது, நம்ம உடம்புக்கு எப்படி செட் பண்றது

ரைபிள் ஷூட்டிங் கத்துக்கலாம்னு வர்ற முக்காவாசிப் பேரு மொதல்ல கேக்கறது எந்த துப்பாக்கி வாங்கலாம்னுதான். என்னக் கேட்டா வாங்கறது சின்ன வேலை, வாங்குனத உங்க உடம்புக்கு செட் பண்றதுலதான் பாதி ஸ்கோர் இருக்கு. லட்சக்கணக்குல குடுத்து ஜெர்மன் ரைபிள் வாங்கிட்டு கழுத்த ஒடிச்சு, தோள தூக்கி, கன்னத்த அமுக்கி சுடற பசங்கள எந்த ரேஞ்சுக்குப் போனாலும் பாக்கலாம். ரைபிள் நம்ம முகத்தத் தேடி வரணும், நாம அதத் தேடிப் போகக் கூடாது, இத மட்டும் புடிச்சுக்கோங்க, கீழ சொல்றது எல்லாமே இதுக்காகத்தான்.

சட்டத்த மொதல்ல முடிச்சுடுவோம். 2016 ஆயுத விதிகள் படி குழாயோட உள் விட்டம் 4.5 மில்லிமீட்டர், அதாவது பாயிண்ட் 177 அங்குலத்துக்குள்ள, 20 ஜூலுக்கு மிகாத சக்தியில இருக்கற ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேணாம். இந்த ரெண்டுல எது தாண்டினாலும் வேணும். பாயிண்ட் டூ டூ தோட்டா ரைபிளுக்கு கண்டிப்பா ஆயுத லைசென்ஸ் வேணும், அதனால அத ஆரம்பத்துல நெனைக்கவே வேணாம், கிளப்புல சேந்து பயிற்சியாளர் சொல்றப்ப பாத்துக்கலாம். லைசென்ஸ் இல்லாட்டியும் ஏர் ரைபிள் பொம்ம இல்ல, கடையில அடையாளச் சான்று குடுத்து பில்லோட வாங்குங்க, பெட்டியில வச்சுதான் வெளிய எடுத்துட்டுப் போங்க.

வாங்கறதுக்கு முன்னாடி கிளப்புக்குப் போங்க. சென்னை, கோயம்புத்தூர், மதுரையில எல்லாம் ரைபிள் கிளப் இருக்கு. அங்க கிளப் ரைபிள்ல கொஞ்ச மாசம் சுட்டாலே நமக்கு எது சரிப்பட்டு வரும்னு தெரிஞ்சுடும். நம்ம நாட்டுப் போட்டிகள்ல ஓப்பன் சைட் (தெறந்த குறி பாக்கற கருவி), பீப் சைட் (பின்னாடி சின்ன ஓட்டை வழியா குறி பாக்கறது)னு தனித்தனிப் பிரிவு இருக்கு, அதுக்கு மேலதான் ஐஎஸ்எஸ்எஃப், அதாவது சர்வதேச ஷூட்டிங் சம்மேளனத்தோட விதிப்படி நடக்கற பிரிவு. அதனால இந்தியாவுலயே செய்யற ப்ரெசிஹோல் மாதிரி ஸ்பிரிங் ரைபிள்ல ஆரம்பிச்சாலும் போட்டிக்குப் போகலாம். ஸ்பிரிங் ரைபிள் சுடறப்ப உள்ள பிஸ்டன் முன்னாடி ஓடி ஒரு ஒதறல் குடுக்கும், அத இறுக்கிப் புடிச்சு அடக்கப் பாத்தா குண்டு செதறும், லேசாத் தாங்கி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி விடணும். இந்தப் பழக்கம் பின்னாடி ரொம்பக் கை குடுக்கும். சீரியஸா இறங்கிட்டா வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷூட்ஸ் மாதிரி காத்து சிலிண்டர் ரைபிள், அதுல ஒதறல் கிட்டத்தட்ட கெடையாது. பழசு வாங்கினா சிலிண்டர்ல அடிச்சிருக்கற தேதிய கட்டாயம் பாருங்க, காலாவதியான சிலிண்டரப் போட்டியில ஏத்துக்க மாட்டாங்க, எல்லாத்துக்கும் மேல அது ஆபத்து.

எடையில ஆசப்படாதீங்க. விதிப்படி அதிகபட்சம் 5.5 கிலோ, ஆனா பன்னெண்டு வயசுப் பொண்ணு கையில அவ்ளோ எடைய குடுத்தா முதுகுதான் போகும். போட்டியில 60 ஷாட், 75 நிமிஷம், அதுக்கு முன்னாடி தயாரிப்புக்கும் சைட்டிங்குக்கும் (கணக்குல வராத சோதனை ஷாட்) 15 நிமிஷம், இதெல்லாம் நின்னுட்டேதான், அத நெனச்சு எடுங்க.

இப்ப கண்ணு. ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி விரலுக்கு நடுவுல சின்ன ஓட்டை வச்சு தூரத்துல இருக்கற ஸ்விட்சப் பாருங்க, ஒவ்வொரு கண்ணா மூடுங்க, எந்தக் கண்ணுல ஸ்விட்ச் நகராம நிக்குதோ அதுதான் உங்க மாஸ்டர் கண்ணு. வலது கைப் பழக்கம், இடது மாஸ்டர் கண்ணுன்னா வாங்கறதுக்கு முன்னாடியே பயிற்சியாளர்கிட்ட பேசிடுங்க, ஸ்டாக் (துப்பாக்கியோட கட்டை) வலதா இடதாங்கறது அங்கதான் முடிவாகும்.

செட்டிங்ல மொதல்ல பட், அதாவது ஸ்டாக்கோட பின் பகுதியோட நீளம். பிடியில கை வச்சு ட்ரிகர்ல விரல் நுனிச் சத வைக்கறப்ப மணிக்கட்டு இழுபடாம, மடங்காம இருக்கணும், பட் பிளேட் (பட்டோட கடைசியில தோள்ல படற தகடு) தோளும் கையும் சேர்ற எடத்துல வந்து உக்காரணும். அடுத்து பட் பிளேட்டோட உயரம், இதத்தான் நெறய பேரு தொடறதே இல்ல. நேரா நின்னு ரைபிளத் தோள்ல வைங்க, சைட் உங்க கண்ணுக்குக் கீழ நின்னு தலைய கவுக்க வேண்டியதா இருந்தா பட் பிளேட்ட கீழ எறக்குங்க, ரைபிள் தானா மேல வரும். தலை நிமுந்து இருக்கறது அழகுக்காக இல்ல, காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு நேரா இருந்தாத்தான் உடம்பு ஆடாது.

அப்புறம் சீக் பீஸ், அதாவது கன்னம் வைக்கற கட்டை. கண்ண மூடிட்டு கன்னத்த அதுல சும்மா சாச்சு வைங்க, தலையோட எடை மொத்தமும் அதுல எறங்கட்டும், ரெண்டு மூச்சு விட்டுட்டு கண்ணத் திறங்க. பின் சைட் ஓட்டைக்கு நடுவுல முன் சைட்டோட வட்டம் அப்படியே நிக்கணும், சுத்தி ஒரே அளவு வெளிச்ச வளையம் தெரியணும். பாக்கறதுக்காக கன்னத்த அமுக்க வேண்டியிருந்தா கட்டை ஒசரம், எறக்குங்க. முகத்த தூக்க வேண்டியிருந்தா ஏத்துங்க. ஒரு திருகு மாத்தினா ஒடனே இதையே திரும்பச் செஞ்சு பாருங்க, ஒரே நேரத்துல நாலு திருகையும் மாத்தினா எது என்ன பண்ணுச்சுன்னே தெரியாது. சரியா வந்ததும் ஒவ்வொரு அளவையும் நோட்டுல எழுதி, ஸ்டாக்குல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுடுங்க.

நிக்கறப்ப இடது முழங்கை இடுப்பெலும்பு மேல, இல்ல வெலாப்பக்கம் நல்லா ஊணி உக்காரணும், ரைபிளத் தாங்கறது எலும்பு, சத இல்ல. கை குட்டையா இருந்து ரைபிள எட்டலன்னா, முன் கட்டைக்கு அடியில இருக்கற கை தாங்கிய கீழ எறக்கிக்கோங்க. டார்கெட்டுக்குப் பக்கவாட்டுல நின்னு ரைபிளத் தூக்கி கண்ண மூடி மூச்ச விட்டு திறந்தா, சைட் எங்க நிக்குதோ அதுதான் உங்க உடம்பு சொல்ற எடம். டார்கெட்டோட கருப்பு வட்டத்துக்கு வலது பக்கம் நின்னா கையால இழுக்காதீங்க, பாதத்தக் கொஞ்சம் நகத்துங்க. கையால இழுத்து வச்ச ரைபிள் ட்ரிகர் விழுற நேரத்துல பழைய எடத்துக்கே திரும்பப் போகும்.

டார்கெட்ல பத்துங்கற புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர், கருப்பு மொத்தமும் 30.5 மில்லிமீட்டர். முன் சைட் வளையம் சின்னதா இருந்தா துல்லியமா வரும்னு நெனச்சு இறுக்கமா போடறாங்க, அது தப்பு. கருப்ப சுத்தி வெள்ளை நல்லாத் தெரியணும், இல்லன்னா லேசா ஆடறதெல்லாம் பெருசாத் தெரிஞ்சு பயத்துல ட்ரிகர அடிச்சு இழுப்பீங்க. பெரிய வளையத்துல ஆரம்பிங்க.

ஜீரோ பண்றத, அதாவது குறி பாக்கற எடத்துலயே குண்டு விழற மாதிரி சைட்ட சரி பண்றத, மொதல்ல மேசையில தாங்கல் வச்சு செய்யுங்க. அஞ்சு குண்டு போடுங்க, ஒண்ண பாத்து திருகாதீங்க, அஞ்சும் சேந்த கூட்டத்தோட நடுவப் பாத்துத்தான் க்ளிக் (சைட் திருகோட ஒரு படி) போடணும். ஜெர்மன் சைட்ல ஆர், எச்னு எழுத்து இருக்கும், அதுக்கு அர்த்தம் குண்டு வலது பக்கம் விழுந்தா ஆர் பக்கம் திருப்பு, மேல விழுந்தா எச் பக்கம் திருப்புன்னு. நாம குண்டு போக வேண்டிய பக்கம்னு நெனச்சு உல்டாவா திருப்பினா இன்னும் தள்ளிப் போகும். சந்தேகமா இருந்தா நாலு க்ளிக் போட்டு அஞ்சு குண்டு சுட்டுப் பாருங்க, பேப்பரே சொல்லிடும். அப்புறம் நின்னு சுட்டா ஜீரோ கொஞ்சம் மாறும், அது சகஜம், நின்ன நெலையில இன்னொரு தடவ சரி பண்ணிக்கோங்க.

பெல்லட், அதாவது ஏர் ரைபிள் குண்டு, தட்டை மூக்கு உள்ளதா வாங்குங்க, பேப்பர்ல வட்டமா சுத்தமா ஓட்டை போடும், ஸ்கோர் பாக்க ஈசி. தலை அளவு 4.49, 4.50னு டப்பாவுல போட்டிருக்கும், உங்க பேரலுக்கு எது புடிக்குதுன்னு தாங்கல்ல வச்சு சுட்டாத்தான் தெரியும், அடுத்தவங்க சொன்னத நம்பி பத்து டப்பா வாங்காதீங்க. பெல்லட்டோட பின்னாடி விரிஞ்ச பாவாடைப் பக்கம் நசுங்கி இருந்தா ஒதுக்கிடுங்க.

ஜாக்கெட், பேண்ட், ஷூ எல்லாம் ஒடனே வேணாம். வளர்ற பசங்களுக்கு ஒரு வருஷத்துல பத்தாது, கிளப்புல பழசு கெடச்சா அதுவே தாராளம். கடலூர்ல பொறந்து அகமதாபாத்துல வளந்த இளவேனில் வாலறிவன் 2019ல ரியோ உலகக் கோப்பையில தங்கம் அடிச்சதும் இந்தப் பத்து மீட்டர் ஏர் ரைபிள்லதான், அதப் பாத்துட்டு அவங்க போடற செட்டு அப்படியே நம்ம வீட்டுப் புள்ளைக்கும் வேணும்னு கடன் வாங்காதீங்க, அந்தக் காச ரேஞ்சு நேரத்துக்கும் பெல்லட்டுக்கும் போடுங்க.

பாதுகாப்பு விஷயத்துல நான் விட்டே குடுக்க மாட்டேன். பேரலோட வாய் எப்பவும் டார்கெட் பக்கம், சுடற நேரம் வர்ற வரைக்கும் விரல் ட்ரிகருக்கு வெளிய, சுடாத நேரத்துல உள்ள குண்டு இல்லன்னு காட்ட பேரல்ல பாதுகாப்புக் கயிறு. வீட்ல சுடறதா இருந்தா பெல்லட் ட்ராப்புக்கு (குண்டப் புடிக்கற பெட்டி) பின்னாடி முழுச் செவுரு, பக்கத்துல கதவோ ஜன்னலோ இருக்கக் கூடாது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கோங்க. பேரல ஒடிச்சு லோட் பண்ற ரைபிள்னா குண்டு வைக்கறப்ப பேரல ஒரு கையால அழுத்திப் புடிச்சுக்கோங்க, நழுவி மூடிச்சுன்னா விரலு போயிடும். அதுல குண்டு இல்லாம சும்மா சுடவும் கூடாது, பிஸ்டன் போய் மோதும். சிலிண்டருக்கு காஞ்ச சுத்தமான காத்து மட்டும்தான், அதுல எழுதியிருக்கற அளவுக்கு மேல ஏத்தாம மெதுவா ஏத்துங்க, ஆக்சிஜன் ஒருக்காலும் ஏத்தாதீங்க, வெடிச்சுடும். பெல்லட் ஈயம், முடிச்சதும் சோப்பு போட்டு கைய கழுவிட்டுத்தான் டீயையே தொடணும், சின்னப் பசங்க பெல்லட்ட வாயில வச்சுக்கற பழக்கத்த மொத நாளே நிறுத்திடுங்க.