கோடியக்கரையில் ஒரு நாள்: முதல்முறை பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

முதல்முறை கோடியக்கரைக்குப் போனபோது வேதாரண்யத்தில் சாவகாசமாகப் பூரி சாப்பிட்டுவிட்டு, பதினோரு மணிக்குச் சதுப்பின் ஓரத்தில் போய் நின்றேன். வெகுதூரத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு. கானலில் அது நெளிந்துகொண்டிருந்தது. "அதாங்க சார் பூநாரை" என்றார் ஆட்டோக்காரர். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வெயில் தாங்காமல் அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். அந்தப் பயணத்தில் சொதப்பியதையும் பிறகு கற்றுக்கொண்டதையும் வைத்துத்தான் இந்தச் செய்முறை. பறவை பார்த்துப் பழக்கமே இல்லாதவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் இடம். தமிழ்நாட்டுக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, சட்டென்று மேற்கே மடங்கும் மூலை கோடியக்கரை. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. மூலையில் காடு, அதன் மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுவரை நீளும் சதுப்பு, இடையிடையே உப்பளங்கள். வெளிமான்களுக்காக 1967இல் சரணாலயம் ஆனது. 2002இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலுக்குள் போன முதல் இடம் இதுதான்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வலசைப் பறவைகள் அக்டோபரிலேயே வரத் தொடங்கிவிடும். ஆனால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், புயலும் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். காட்டில் எத்தனையோ மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. மழையில் சதுப்புப் பக்கம் போகும் பாதையும் களியாகிவிடும். புதியவர்களுக்கு டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை என்பது என் கணக்கு. மழை ஓய்ந்திருக்கும், நீரும் வற்றியிருக்காது, பூநாரையும் இருக்கும். பொங்கல் விடுமுறை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டம்.

படி 2: முந்தின இரவே வேதாரண்யம் சேருங்கள்

நாகப்பட்டினத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் பேருந்து இருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. முன்பு மீட்டர்கேஜ் ரயில் கோடியக்கரை வரைக்கும் போனது. இப்போது அகஸ்தியம்பள்ளியோடு சரி. ரயில் ஓடும் நாளையும் நேரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேதாரண்யத்தில் சுமாரான விடுதிகள் உண்டு. படுக்கப் போகுமுன் மறுநாள் விடிகாலைக்கு ஆட்டோ பேசி வைப்பதுதான் முக்கியம். கோடியக்கரைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பேருந்தும் உண்டு, ஆனால் அதை நம்பினால் என் பூரிக் கதைதான். வழியில் கோடியக்காட்டில் வனத்துறைச் சோதனைச்சாவடி. அங்கே கட்டணம் கட்டும்போதே அன்றைக்கு எந்தப் பாதை திறந்திருக்கிறது, பறவைகள் எந்தப் பக்கம் இறங்கியிருக்கின்றன என்று கேளுங்கள். அங்கிருக்கும் காவலருக்குத் தெரிந்தது எந்த வரைபடத்திலும் இருக்காது.

படி 3: பையில் என்ன வேண்டும்

பைனாகுலர் இல்லாமல் இங்கே போவது வீண். காட்டில் பறவை பத்தடி தூரத்துக் கிளையில் உட்காரும். சதுப்பில் இருநூறடிக்கு அப்பால் நிற்கும். 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள், அல்லது இரவல் வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 10 மடங்கு இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கோடியக்கரைக் காற்றில் கை ஆடும், பத்து மடங்கில் அந்த ஆட்டமும் பத்து மடங்கு.

வீட்டிலேயே ஒருமுறை சரிசெய்து பழகுங்கள். இரண்டு குழல்களையும் மடக்கி, தெரிவது ஒரே வட்டமாகும்வரை கொண்டு வாருங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பார்த்து நடுத் திருகைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். அதன்பின் அந்த வளையத்தைத் தொட வேண்டாம், நடுத் திருகு போதும். கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் ரப்பர் மூடியைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். பறவையைத் தேட ஒரு சூட்சுமம்: வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துவிடும். அதன் பிறகு வானத்தைத் துழாவ வேண்டியதுதான்.

மற்றபடி ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, மங்கின நிறச் சட்டை, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பு, சின்ன நோட்டு, பென்சில். சதுப்பில் நிழலும் கிடையாது, கடையும் கிடையாது.

படி 4: ஓர் இடத்தில் உட்காருங்கள்

ஆறரைக்கெல்லாம் சதுப்போரம் இருக்க வேண்டும். சூரியன் உங்கள் முதுகில் விழும்படி, அதாவது காலையில் மேற்கே பார்த்து நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். பிறகு கரைமேட்டில் உட்கார்ந்துவிடுங்கள். நின்றுகொண்டிருக்கும் மனிதனைவிட உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பறவைகள் சீக்கிரம் மறந்துவிடுகின்றன. பத்து நிமிடத்தில் சிறுசுகள் பக்கத்தில் வந்து மேயத் தொடங்கும்.

எல்லாருக்கும் பூநாரை மீதுதான் கண். பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை அரித்துத் தின்னும்; நிறம் அந்தத் தீனியிலிருந்து வருவது. கூட்டம் முழுவதும் கழுத்தை நிமிர்த்தி நின்றால் உங்களைக் கண்டு மிரள்கிறது என்று பொருள், பின்வாங்குங்கள். படத்துக்காக அவற்றைக் கிளப்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். நெடுந்தூரம் பறக்கச் சேர்க்கிற கொழுப்பை அவை நம் செல்ஃபிக்காகச் செலவழிக்க வேண்டுமா?

ஆனால் முதல் நாளில் கற்றுக்கொள்ள ஏற்றவை சின்னக் கரைப்பறவைகள்தான். தூரப் பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி சாம்பல் நிறம். நிறத்தை விடுங்கள். மூன்றே கேள்வி: மைனாவைவிடப் பெரிதா சிறிதா? கால் என்ன நிறம்? எப்படி மேய்கிறது?

மூன்றாவது கேள்விதான் சாவி. நாலடி ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. குட்டை அலகு, பெரிய கண். கண்ணால் இரை தேடும் ஜாதி. நிற்காமல் தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே போனால் உள்ளான். அதற்கு அலகுதான் தேடும் கருவி. அதிலேயே மிகச் சிறியது கொசு உள்ளான். இருபத்தைந்து கிராம் தேறும். அது முட்டையிடுவது ஆர்க்டிக் பனிவெளியில். குச்சி மாதிரி நீண்ட இளஞ்சிவப்புக் காலோடு, கறுப்பு வெள்ளையில் நிற்பது நெடுங்கால் உள்ளான். செக்கச்சிவந்த காலோடு, கிளம்பும்போது சத்தம் போட்டு ஊரைக் கூட்டுவது பவளக்கால் உள்ளான். தண்ணீருக்கு மேலே பறந்தபடி செங்குத்தாக விழுந்து மீன் எடுப்பது ஆலா. முதல் நாளுக்கு இந்த ஐந்து போதும்.

எண்ண வேண்டுமா? பத்துப் பறவையை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, அதே அளவுத் துண்டுகளாகக் கூட்டத்தை வெட்டி எண்ணுங்கள். காலில் வளையமோ வண்ணப்பட்டையோ இருந்தால் அதிர்ஷ்டம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். எழுத்தும் எண்ணும் தெரிந்தால் எழுதி வைத்து அவர்களுக்கு அனுப்புங்கள்.

படி 5: பத்து மணிக்குக் காட்டுக்குள் போங்கள்

கானல் எழுந்துவிட்டால் சதுப்பில் வேலை முடிந்தது. காட்டுப் பக்கம் திரும்புங்கள். புல்வெளியில் வெளிமான், கறுத்து, முறுக்குக் கொம்போடு நிற்பது கிடா. எப்போதோ வளர்ப்பிலிருந்து அவிழ்த்து விடப்பட்டவற்றின் வழிவந்த குதிரைகளும் திரியும். உள்ளே மணல்மேட்டில் ராமர் பாதம் இருக்கிறது. சில மீட்டர் உயரமே உள்ள மேடு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதுதான் மலை.

கடற்கரையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்படும் செங்கல் கட்டடம் 2004 சுனாமியில் விழுந்தது. மிச்சம் கிடக்கும் அடித்தளத்தைப் பார்க்கலாம்.

படி 6: திரும்பும் வழியில் உப்பைப் பாருங்கள்

கோடியக்காட்டுக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 13 அன்று உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் நடக்கத் தொடங்கி, 28ஆம் தேதி வேதாரண்யம் வந்தார்கள். நடைப்பயணிகளுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் போட்ட சோறு என்று மரத்தை எப்படிக் கேட்பது? 30ஆம் தேதி ராஜாஜி இங்கே உப்பை அள்ளினார், கைதானார். உள்ளூரில் எல்லாவற்றையும் தாங்கி நடத்தியவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. அகஸ்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. வேதாரண்யத்தில் இன்னொரு நினைவுச்சின்னம், நாவிதர் வைரப்பனுக்கு. சவரம் செய்துகொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டவர்.

நினைவுத்தூணைப் பார்த்த கையோடு பக்கத்து உப்பளத்தையும் பாருங்கள். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக ஏற்றி, வெயிலில் காயவைத்து, படிந்த உப்பைப் பலகையால் வாரிக் குவிக்கிறார்கள். முதல் பாத்திகளில் உப்பு குறைவு, பூச்சி, புழு, மீன்குஞ்சு எல்லாம் இருக்கும், பறவையும் இருக்கும். கடைசிப் பாத்தியில் உப்பு மட்டும்தான். காலையில் பார்த்த உப்புக்கொத்திக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்திருக்கும் என்று இங்கே நின்றால் ஊகிக்கலாம். அது உப்பைத் தின்பதில்லை. உப்புச் சேற்றில் கொத்துகிறது. அளத்துக்காரரைக் கேட்காமல் வரப்பில் இறங்காதீர்கள். ஒரு செருப்புத் தடம் பதிந்தால் அங்கே வாரும் உப்பில் மண் கலந்துவிடும்.

படி 7: மாலையில் குழகர் கோயில்

இதை எந்தச் சுற்றுலாக் கையேடும் பறவை பார்ப்பவர்களுக்குச் சொல்வதில்லை. கோடியக்காட்டில் இருக்கும் குழகர் கோயிலுக்குச் சுந்தரர் வந்து பாடியிருக்கிறார். கடற்காற்று வந்து மோதும் கரையில் தன்னந்தனியாக இருக்கிறீரே, பக்கத்தில் நாலு குடி இருந்தால் குற்றமா, உமக்கு யார் துணை என்று இறைவனிடமே கேட்கிறார். அடுத்துச் சொல்வதுதான் நமக்கு வேண்டியது: காடு மிகப் பெரிது, பொந்தில் ஆந்தைகளும் கூகையும் குழறுகின்றன, அம்மை அஞ்சமாட்டாளா என்கிறார். ஆந்தை வேறு, கூகை வேறு என்று பிரித்துச் சொல்லி, இருப்பிடம் மரப்பொந்து என்று குறித்து, சத்தத்தையும் பதிவு செய்திருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பறவைக் குறிப்பு. தேதி மட்டும்தான் இல்லை.

சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது கோயிலருகே கால் மணி நேரம் பேசாமல் நில்லுங்கள். எனக்கு ஒருமுறை பக்கத்து மரத்திலிருந்து புள்ளி ஆந்தை கிடைத்தது. கூகை இன்னும் கிடைக்கவில்லை. ஃபோனில் ஆந்தைச் சத்தம் போட்டு வரவழைக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

படி 8: அறைக்கு வந்ததும்

குளிக்கும் முன் பைனாகுலரைத் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் கண்ணாடி மேல் இருக்கும். காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதுங்கள், அப்புறம் ஈரத்துணியால் ஒற்றுங்கள், கடைசியில்தான் மெல்லிய உலர்ந்த துணி. செருப்பை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். பிறகு நோட்டைத் திறந்து, பார்த்ததை, பறவைக் குறிப்புகளைச் சேகரிக்கும் இபேர்ட் செயலியில் இடம், நேரம், எண்ணிக்கையோடு ஏற்றுங்கள். பெயர் தெரியாத பறவைக்கு முன்னால் கேள்விக்குறி போட்டு, கால் நிறம் மட்டும் எழுதி வைத்தாலும் போதும். என் நோட்டில் இன்னும் பதினொரு கேள்விக்குறி இருக்கிறது.