சார்ட்டர் பள்ளியில் சேர்க்கும் முன் பார்க்க வேண்டிய கணக்குகள்

கலிஃபோர்னியாவில் பள்ளி தேடும் நம் பெற்றோர் பலர், இணையத்தில் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் நிறைய இருந்தாலே அந்த எண் ஏறிவிடும். யார் உள்ளே வருகிறார்கள், யார் நிலைக்கிறார்கள் என்று பார்த்தால்தான் பள்ளியின் குணம் தெரியும்.

சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் நடப்பது. கட்டணம் இல்லை, நுழைவுத்தேர்வு இல்லை. விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல். கலிஃபோர்னியாவில் இதற்கான சட்டம் 1992-இல் வந்தது. தான் இருக்கும் 'பள்ளி மாவட்டத்தில்' (அப்பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின் எல்லைக்குள்) வாழும் மக்களின் இனக்கலவை தன் வகுப்பறையிலும் இருக்க என்ன செய்யப்போகிறது என்று பள்ளி, தொடங்க அனுமதி கேட்கும் மனுவிலேயே எழுதித்தர வேண்டும். சிறப்புக் கல்விக் குழந்தைகள், ஆங்கிலம் கற்கும் குழந்தைகள் விஷயத்திலும் அப்படியே.

முதலில் சேர்க்கை. மாநிலக் கல்வித்துறையின் டேட்டாக்வெஸ்ட் தளத்தில் பள்ளியின் பெயரைத் தேடுங்கள். அக்டோபர் முதல் புதன்கிழமை எடுத்த தலைக்கணக்கு அங்கே இருக்கும். இனம், ஏழ்மை, ஆங்கிலம் கற்போர், மாற்றுத்திறன் என நான்கு விகிதங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே மாவட்டத்தின் விகிதத்தையும், அருகிலுள்ள சாதாரண அரசுப் பள்ளியின் விகிதத்தையும் எழுதுங்கள். வித்தியாசம் கண்ணில் படும்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று படிவத்தில் எழுதினால் நம் குழந்தைக்கும் ஆங்கிலத் திறனைப் பார்க்கும் எல்பேக் தேர்வு வைப்பார்கள். 'ஆங்கிலம் கற்போர்' பட்டியலிலும் சேரலாம். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் இருக்கலாம் என்பதால், அந்த விகிதத்தை ஏழ்மை விகிதத்தோடு சேர்த்தே படியுங்கள்.

அடுத்து, யார் நிற்கிறார்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். போன ஆண்டு இரண்டாம் வகுப்பில் 60 பேர், இந்த ஆண்டு மூன்றாம் வகுப்பில் 48 பேர் என்று வைத்துக்கொள்வோம். 12 பேர் எங்கே போனார்கள்? மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது; குறைந்த மதிப்பெண் எடுக்கக்கூடிய பிள்ளைகள் அதற்கு முன்பே போய்விட்டால் பள்ளியின் எண் ஏறும். வாடகை ஏறி ஊர் மாறியிருக்கலாம்; சிரமப்படும் பிள்ளைகள் மெல்ல வெளியேறியிருக்கவும் கூடும். ஓர் ஆண்டை வைத்து யாரையும் குற்றம் சொல்லக்கூடாது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு இதே கணக்கைப் போடுங்கள். அருகிலுள்ள பள்ளிக்கும் போடுங்கள். இங்கே மட்டும் தொடர்ந்து குறைந்தால் அது கேட்க வேண்டிய கேள்வி.

அப்புறம் டேஷ்போர்டு. பள்ளிகளின் நிலையை மாநிலம் நிறங்களால் காட்டும் தளமான கலிஃபோர்னியா ஸ்கூல் டேஷ்போர்டில், மிக மோசமான சிவப்பிலிருந்து மிகச் சிறந்த நீலம் வரை ஐந்து நிறங்கள். மொத்தப் பள்ளியின் நிறத்தோடு நிற்காமல் மாணவர் குழுக்களைத் திறந்து பாருங்கள். மொத்தம் பச்சையாக இருக்கும். உள்ளே ஒரு குழு ஆரஞ்சில் கிடக்கும். தற்காலிக நீக்கம், நாள்பட்ட வருகையின்மை இரண்டையும் அவசியம் பாருங்கள். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 180 நாளில் 18 நாள் வராத குழந்தை இந்தக் கணக்கில் வரும்.

சிறிய பள்ளி என்றால் நிதானம் வேண்டும். ஒரு குழுவில் 12 பேர்தான் என்றால் ஒரு குழந்தையின் முடிவே எட்டு சதவீதத்தை மாற்றிவிடும்.

சரி, தாளை எடுத்துக்கொண்டு பள்ளியின் அறிமுகக் கூட்டத்துக்குப் போங்கள். "நான்காம் வகுப்பில் நடு ஆண்டில் ஒரு பிள்ளை விலகினால், காத்திருப்போர் பட்டியலிலிருந்து அந்த இடத்தை நிரப்புவீர்களா? பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்?" என்று கேளுங்கள். பதிலை அந்தத் தாளிலேயே, எண்களுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.