ஆமைக்குப் பெரிய அடைப்பு: கட்டும் முன் கவனிக்க வேண்டிய தவறுகள்

சல்கேட்டா ஆமையை உள்ளங்கை அளவுக் குட்டியாக வாங்கியவர்களுக்கு, இரண்டு மூன்று வருடத்தில் தொட்டி போதாது என்பது புரிந்துவிடும். சரி, தோட்டத்தில் ஒரு மூலையை ஒதுக்கலாம் என்று இறங்குவார்கள். அப்போதும் ஆமையின் இன்றைய அளவை வைத்தே இடத்தைக் கணக்குப் போடுவார்கள். இது ஆப்பிரிக்காவின் சாஹேல் வறண்ட நிலத்து இனம். நன்றாக வளர்ந்த ஆண் 40, 50 கிலோ சாதாரணமாக இருக்கும். கொஞ்சம் பெரிதாக ஒன்று கட்டி, நான்கு வருடத்தில் இடித்து மறுபடி கட்டுவதைவிட, இருக்கும் இடத்தை முழுவதும் இப்போதே கொடுத்துவிடுவது நல்லது.

கடப்பாரையை எடுக்கும் முன் ஒரு விஷயம். சல்கேட்டா வளர்ப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நம் ஊர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதோ சட்டப்படி குற்றம். அதற்கு அடைப்பு கட்டும் பேச்சுக்கே இடமில்லை, வனத்துறையிடம் ஒப்படைக்கத்தான் வேண்டும்.

நான் பார்த்ததிலேயே மோசமான தவறு கம்பி வலை வேலி. நானும் அதைத்தான் முதலில் போட்டேன். வலைக்கு அந்தப் பக்கம் புல் தெரிகிறது, அங்கே போக வேண்டும், ஆமைக்கு அவ்வளவுதான் தெரியும். மூன்று நாள் ஒரே இடத்தில் முட்டி முட்டி நடந்தது. மூக்கின் மேல் செதில் உரிந்து சிவந்துபோனதைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. பழைய சாக்கை வலையின் அடியில் ஓரடி உயரத்துக்குச் சுற்றிக் கட்டினேன். அரை மணி நேரத்தில் திரும்பி நடந்து மேயப் போய்விட்டது. ஆமையின் கண் உயரத்தில் வெளியே தெரியக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக், பலகை எதுவானாலும் பரவாயில்லை.

ஆனால் ஹாலோ பிளாக்கைப் பூசாமல் வெறுமனே அடுக்கினால் வளர்ந்த ஆமை தள்ளிவிடும். மண்ணுக்கு அடியிலும் சுவர் இரண்டடியாவது இறங்க வேண்டும். வளை தோண்டி வெயிலுக்குத் தப்புகிற இனம் இது, அஸ்திவாரம் இல்லாத சுவர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மூலையில்தான் அதிகம் தோண்டும், ஏறும். மூலைகளை வளைவாகக் கட்டச் சொல்லுங்கள். சுவரோரம் கல்லைக் குவித்து வைக்காதீர்கள், ஏறிக் கவிழும். உச்சி வெயிலில் மல்லாந்து கிடந்தால் உயிருக்கே ஆபத்து.

மழைக்குப் பயந்து முழுவதும் பாலிகார்பனேட் ஷீட் போடுகிறார்கள். வெளிச்சம் வருகிறதே என்று தோன்றும். ஓட்டுக்கும் எலும்புக்கும் தேவையான புற ஊதாக் கதிரை அந்த ஷீட் தடுத்துவிடும். பாதி இடம் திறந்த வெயில், பாதி நிழல் இருந்தால் ஆமையே வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும். ஆமை தங்கும் குடிலை மட்டும் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, சறுக்காத சாய்தளத்தோடு கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் தேங்கினால் இந்த ஆமைக்கு நீந்தத் தெரியாது, மூழ்கிவிடும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் மூக்கு ஒழுகும், நுரையீரல் வரை போய்விடும்.

தரை முழுக்க சிமெண்ட் வேண்டாம், மண் வேண்டும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல், தரையோடு பதிந்து இருக்கட்டும். அதிலேயே கழிக்கும் என்பதால் தினமும் கழுவ வேண்டும். அரளி, எருக்கு இரண்டும் விஷம், வேரோடு எடுத்துவிடுங்கள். அருகம்புல், செம்பருத்தி, சப்பாத்திக்கள்ளி வைக்கலாம்.

அப்புறம், கொத்தனார் வேலை முடிந்ததும் மண்ணில் கட்டுக்கம்பித் துண்டுகள் நிறையக் கிடக்கும். ஆமை தரையில் கிடப்பதையெல்லாம் கடித்துப் பார்க்கும். ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி இடம் முழுக்க இழுத்துப் பாருங்கள். எங்கள் சின்னத் தோட்டத்திலேயே ஒரு கைப்பிடி சேர்ந்தது. அதை முடித்துவிட்டு, காலை வெயிலில் ஆமையைக் கொண்டுபோய் விடுங்கள், பழைய தொட்டியில் அது தூங்கிய பெட்டியோடு.