பில்ஜில் தண்ணீர்: கடல்நீரா, ஏசி நீரா?

லங்காவியில் மோட்டார் படகிலேயே தங்கி, புக்கெட் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் ராத்திரியெல்லாம் விட்டுவிட்டு ஓடியது. புரொப்பெல்லர் தண்டு வழியாகக் கடல்நீர் கசிகிறதோ என்று மனைவிக்குப் பயம். எண்ணெய் படியாத ஓரத்தில் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்தேன் (அவள் முகம் போன போக்கைப் பார்க்கணும்!). உப்பில்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு; துளியிலேயே தெரிந்துவிடும். சரி, படகின் நன்னீர்க் குழாய் கசிகிறதோ என்று நன்னீர் பம்பை அணைத்துப் பார்த்தேன். அப்போதும் தண்ணீர் சேர்ந்தது. மிச்சம் ஏசிதான். அந்தப் புழுக்கத்தில் பகலிரவாக ஓடும் ஏசியின் அடித்தட்டில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வடிகுழாயைக் கழற்றினால் உள்ளே கொழகொழவென்று அழுக்கு. வாக்குவம் வைத்து உறிஞ்சி, வெந்நீரும் வினிகரும் ஊற்றிக் கழுவினேன். தட்டு வழிவது நின்றது. அப்புறம் தண்டு வழியாகக் கடல்நீர் புகாமல் தடுக்கும் சீலையும் (seal) ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.