தோட்டத்திலிருந்து உகண்டாவுக்கு ஊழியத் தொண்டராகப் போக: முதலில் பெயரைப் பாருங்கள்

இலங்கையில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து உகண்டாவில் உள்ள ஒரு திருச்சபைப் பாடசாலைக்கு இரண்டு மாதத் தொண்டுக்காகப் போய்வந்தேன். அன்றுமுதல் எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் பலரும் வழி கேட்கிறார்கள். ஜெபித்துத் தீர்மானிப்பது பற்றி உங்கள் குருவானவரிடம் பேசுங்கள். நான் சொல்வது பத்திர வேலையை மட்டும்.

1. பெயர்

என் ஞானஸ்நானப் பெயர் ரூத். ஆலயத்திலும், நாங்கள் குடியிருக்கும் தோட்ட வீட்டு வரிசையான லயத்திலும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அங்குள்ள சபைக்கு எழுதிய மின்னஞ்சலிலும் ரூத் என்றே போட்டேன். அழைப்புக் கடிதமும் அந்தப் பெயரில் வந்தது. கடவுச்சீட்டிலோ சுப்பையா முத்துலெச்சுமி. விசா விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. இரண்டு பெயரும் ஒருத்திக்குரியவைதான் என்று காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை. ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். மஞ்சளேறிய தாளில், நீல மையில், "ரூத், தகப்பன் சுப்பையா" என்று மட்டும் இருந்தது. புதிய கடிதம் வர மூன்று வாரம் போயிற்று.

ஆகவே, எதையும் தொடங்குமுன் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எனக்குப் பிறப்புப் பத்திரத்தில் லெச்சுமி, பரீட்சைச் சான்றிதழில் லட்சுமி. ஆங்கில எழுத்தில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் ஒத்துப்போகாவிட்டால், பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் கேட்டுத் திருத்திய பிறகே கடவுச்சீட்டுக்குப் போங்கள்.

பயணத்துக்காகப் பிறப்புப் பெயரையே மாற்றிவிடலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்பா அரைப்பேரை, அதாவது அரைநாள் சம்பளத்தை, விட்டுவிட்டு ஆபீசுக்கு நடந்து போய்ப் பதிந்த பெயர் அது. அழைப்புக் கடிதம், விமான டிக்கெட், தடுப்பூசி அட்டை எல்லாவற்றிலும் கடவுச்சீட்டுப் பெயரை எழுதச் சொல்லுங்கள். அங்கே போய்ச் சேர்ந்தபின் எல்லாரும் உங்களை ரூத் என்றே கூப்பிடட்டும்.

2. கடவுச்சீட்டு

அனுமதி பெற்ற ஸ்டூடியோவில் படம் எடுங்கள். படத்தை அவர்களே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அனுப்பி உங்களுக்கு ரசீது தருவார்கள். பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும் என்றில்லை, கண்டியிலும் அலுவலகம் இருக்கிறது. முகவரியில் கவனம் தேவை. நம் லயங்களில் பலவற்றுக்குத் தனி இலக்கம் கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசில் கிடந்து, யாராவது எடுத்துவந்தால்தான் உண்டு. நான் குருமனை முகவரியைக் கொடுத்தேன், ஒரு கடிதமும் தவறவில்லை.

3. ஊசியும் மாத்திரையும்

விசாவுக்கு முன்பே இதை முடியுங்கள். உகண்டா விசா விண்ணப்பத்தோடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழையும் இணைக்கவேண்டும். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அட்டையில் பெயர் எழுதும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

மலேரியாவை லேசாக எண்ணவேண்டாம். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. உகண்டாவில் அது அன்றாட நோய். நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியாத் தடை இயக்கத்தில் தடுப்பு மாத்திரையை இலவசமாகத் தருகிறார்கள். திரும்பி வந்த பிறகும் அவர்கள் சொன்ன நாள்வரை விழுங்குங்கள். காய்ச்சல் வந்தால், எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

4. விசா

பத்திரங்களைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புவது எனக்குப் பிடிக்காது. விளிம்பு வளைகிறது, நிழல் விழுகிறது. ஹட்டன் கடையொன்றில் தட்டை ஸ்கேனரில் எடுத்தேன், முத்திரை வரை தெளிவாக விழுந்தது. எந்த வகை அனுமதி தேவை என்பதை அழைக்கும் சபையிடம் எழுத்தில் கேளுங்கள். கற்பிக்கப் போகிறவர் சுற்றிப்பார்க்க வந்தேன் என்று சொல்லக்கூடாது. ஊழியத்துக்குப் போகிறவர் பொய்யோடு எல்லை கடக்கவேண்டாம்.

பிற்சேர்க்கை

இதை வாசித்த தங்கை ஒருத்தி, இந்தியாவில் உள்ள திருநெல்வேலிக்கு ஊழியத்துக்குப் போகச் சுற்றுலா விசா போதுமா என்று கேட்டிருந்தாள். 1854இல் நம் தோட்டங்களுக்கென்று தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது உபதேசியார்கள் அந்தப் பக்கமிருந்துதான் வந்தார்கள். அவள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் போதாது. சுற்றுலா விசாவில் ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கம் கேட்கலாம். பிரசங்கிக்கவோ கைப்பிரதி கொடுக்கவோ இந்தியா அனுமதிப்பதில்லை. மிஷனரி விசா என்று தனியாக ஒன்று இருக்கிறது. கண்டியில் உள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்தில் விசாரித்த பிறகே டிக்கெட் எடு, தங்கச்சி.