உயர்வெப்ப ஸ்குவிட் உணரியின் இரைச்சலை அளப்பது எப்படி

இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு என்ற மீகடத்தியின் (மின்தடையின்றிக் கடத்தும் பொருள்) படலத்தில் செய்யப்பட்டு, 77 கெல்வினில் திரவ நைட்ரஜனில் இயங்கும் ஸ்குவிட் உணரியின் (மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் மீகடத்தி வளையம்) விவரத்தாளில் ஒரே ஓர் இரைச்சல் எண் இருந்தால், அது பெரும்பாலும் கிலோஹெர்ட்ஸ் பகுதியில் எடுத்த, அதிர்வெண்ணுக்கேற்ப மாறாத வெண்ணிரைச்சலாகவே இருக்கும். இதயத்தின் காந்தப்புலத்தை அளக்க விரும்புகிறவருக்கோ 1 ஹெர்ட்ஸ் அருகேயுள்ள இரைச்சலே முக்கியம். எனவே இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

முதலில் உணரியை, வெளிக் காந்தப்புலத்தை மறைக்கும் மு-மெட்டல் உலோக உறைக்குள் வைத்து மெதுவாகக் குளிர்விக்கவும். புலம் இருக்கும் இடத்தில் குளிர்வித்தால் படலத்துக்குள் காந்தப்பாயச் சுழிகள் (காந்தப்பாயம் ஊடுருவும் நுண்ணிய மின்னோட்டச் சுழல்கள்) சிக்கிக்கொள்ளலாம். அப்படி நேர்ந்தால், உணரியை, மீகடத்தும் தன்மை மறையும் 92 கெல்வினுக்கு மேல் சூடாக்கி மீண்டும் குளிர்விப்பதே வழி.

அடுத்து, அளவு தெரிந்த புலத்தை ஒரு கம்பிச்சுருள் மூலம் செலுத்தி, எத்தனை நானோ டெஸ்லாவுக்கு ஒரு பாயக் குவாண்டம் (காந்தப்பாயத்தின் மிகச்சிறு அலகு) உணரிக்குள் நுழைகிறது என்று கண்டறியவும். அது 5 நானோ டெஸ்லா என்றும், பாய இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்குப் பாயக் குவாண்டத்தில் பத்து இலட்சத்தில் 10 பங்கு என்றும் வைத்துக்கொண்டால், புல இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு 50 ஃபெம்டோ டெஸ்லா ஆகும். இந்த மாற்றெண் உணரிக்கு உணரி வேறுபடுவதால், பாய இரைச்சலை மட்டும் வைத்து இரண்டு உணரிகளை ஒப்பிடுவது தவறு.

பிறகு உணரிக்குள் பாயம் மாறாமல் நிறுத்தும் பின்னூட்டச் சுற்றைப் பூட்டி, வெளியீட்டின் நிறமாலையைச் சில நிமிடங்கள் சராசரி எடுத்துப் பதிவு செய்யவும். அதிர்வெண் குறையக் குறைய இரைச்சல் ஏறுவதற்கு உணரிக்குள்ளேயே இரண்டு காரணங்கள் உண்டு. வளையத்திலுள்ள மெலிந்த இணைப்புகளான ஜோசப்சன் சந்திகளின் மாறுநிலை மின்னோட்டம் (மின்னழுத்தமின்றி அவை தாங்கும் உச்ச மின்னோட்டம்) ஏறி இறங்குவது ஒன்று. படலத்தில் சிக்கிய சுழிகள் இடம் மாறித் தாவுவது மற்றொன்று. உணரியை இயக்கச் செலுத்தும் சார்பு மின்னோட்டத்தின் திசையை நொடிக்குப் பல்லாயிரம் முறை மாற்றிக்கொண்டே அளந்தால் முதலாவது பெருமளவு நீங்கும், இரண்டாவது அப்படியே நிற்கும். ஆகவே ஒரே குளிர்விப்பில் நிலையான மின்னோட்டத்தில் ஒரு முறையும் திசை மாற்றி ஒரு முறையும் அளந்து, இரு வரைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரைச்சலின் காரணத்தைப் பிரித்தறிய இதைவிட நேரடியான சோதனையை நான் அறியேன். திசை மாற்றிய பின்னும் ஏற்றம் குறையாவிட்டால் சுழிகளையும், உணரிக்கு அருகேயுள்ள உலோகத் துண்டுகளையும், உறை மறைக்கத் தவறிய வெளிப்புலத்தையும் சந்தேகிக்கலாம்.

கடைசியாக, உறையில்லாமல் புவியின் காந்தப்புலத்திலேயே, அதாவது சுமார் 50 மைக்ரோ டெஸ்லாவில், குளிர்வித்து அளக்கவும். படலப் பட்டையின் அகலம் 4 மைக்ரோமீட்டராக இருந்தால், கணக்கின்படி ஏறத்தாழ 100 மைக்ரோ டெஸ்லா வரை சுழிகள் அதில் தங்காது. அகலம் இரட்டித்தால் அந்த வரம்பு நான்கில் ஒரு பங்காகும். முடிவைப் பதியும்போது அதிர்வெண், குளிர்வித்த புலம், மின்னோட்ட முறை ஆகிய மூன்றையும் எண்ணோடு சேர்த்தே எழுதவும்.